கோல்ஃப் பயணத்தில் ஆடாதவர்களும் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீண்ட வாரயிறுதி நெருங்கினால் போதும், பக்கத்து இந்தோனேசியத் தீவுகளான பிந்தானுக்கு வாருங்கள், பாத்தாமுக்கு வாருங்கள் என்று விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். தென்னை மரங்களுக்கு நடுவே வில்லா, வாசலிலேயே நீச்சல் குளம், பக்கத்தில் கோல்ஃப் மைதானம். நாலு ஆண்கள் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களுக்குக் காலையில் பசியாறக் கொடுத்தது யார், வில்லாவைப் பதிவு செய்தது யார், ஈரச் சட்டையைப் பிழிந்து பையில் வைத்தது யார் என்பதெல்லாம் படத்தில் வராது. அப்படிப் படத்தில் வராத ஒருத்தி எழுதும் கடிதம் இது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோல்ஃப் தெரியாது. முப்பது வருடம் ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதியவள். என் வீட்டுக்காரருக்குக் கோல்ஃப் தெரியும், கணக்குத்தான் வராது. ஐம்பது வயதுக்கு மேல் வேலையிடத்து நண்பர்களோடு ஆட ஆரம்பித்தவர். கிளப் உறுப்பியம் வாங்கும் அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லை. அதனால் மரினா பே மைதானத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் பொதுமக்கள் ஆடக்கூடிய 18 குழி மைதானம் அது ஒன்றுதான் இருந்தது. அதையும் 2024 ஜூன் மாதத்தோடு மூடிவிட்டார்கள். ஜூரோங் கண்ட்ரி கிளப், ராஃபிள்ஸ் கண்ட்ரி கிளப் நிலங்களை அரசாங்கம் முன்பே எடுத்துக்கொண்டது. கெப்பல் கிளப் இருந்த இடத்தில் வீடுகள் வரப்போகின்றன. இதையெல்லாம் சொல்லி அவர் பெருமூச்சு விடுவார். நான் எதுவும் சொல்ல மாட்டேன். எங்கள் மகன் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறான், நான் யார் பக்கம் பேச முடியும்?

எது எப்படியோ, உறுப்பியம் இல்லாதவர்கள் இப்போது கடல் தாண்டிப் போய் ஆடுகிறார்கள். ஜோகூர் பக்கம் போனால் டெசாரு இருக்கிறது. அங்குள்ள மைதானங்களில் ஒன்றை எர்னி எல்ஸ், விஜய் சிங்கோடு சேர்ந்து வடிவமைத்தாராம். ஃபிஜியில் பிறந்த இந்தியர், 2000இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர் என்று என் வீட்டுக்காரர் விஜய் சிங்கைச் சொந்தச் சித்தப்பா மாதிரி அறிமுகம் செய்வார். பிந்தானில் லாகோய் பக்கம் கேரி பிளேயர் வடிவமைத்த மைதானம் ஒன்று, கிரெக் நார்மன் வடிவமைத்தது ஒன்று. தானா மேரா படகுத்துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். சென்ற ஆண்டு அவருடைய நண்பர்கள் கூட்டம் பிந்தானைத்தான் தேர்ந்தெடுத்தது. ‘குடும்பத்தோடு போகலாம்’ என்றும் முடிவானது. குடும்பத்தின் மேல் வந்த பாசம் அல்ல அது. வில்லா வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தபோது தலைகள் போதவில்லை, அவ்வளவுதான்.

திட்டம் முழுவதும் வாட்ஸ்அப்பில் நடந்தது. மூன்று வாரம், நானூறு செய்தி. எந்த மைதானம், எத்தனை மணிக்கு டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்), யார் எந்த ஃபிளைட், பக்கி (மைதானத்தில் ஓடும் குட்டி வண்டி) உண்டா, கேடி (மட்டைப் பை சுமப்பவர்) உண்டா. ஃபிளைட் என்றதும் விமானத்தில் போகிறார்கள் போல என்று நினைத்துவிட்டேன். மூன்று நாலு பேராகச் சேர்ந்து ஆடும் குழுவுக்கு அப்படிப் பெயராம். எல்லாம் முடிவான பிறகு, “பதிவு மட்டும் செய்துவிடு, உன் கார்டில் போட்டுக்கொள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று என்னிடம் வந்தார். தேதியைப் பார்த்தேன். சமையலறையில் மாட்டியிருக்கும் நாள்காட்டியையும் பார்த்தேன். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

நானூறு செய்தியில் ஒருவர்கூட அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. புரட்டாசிச் சனி என்றால் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் வரிசை எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கும். பத்துப் பேரில் ஆறு பேர் அந்த மாதம் முழுவதும் சைவம். ஆனால் மைதானத்தில் இடம் கிடைத்துவிட்டது. பெருமாள் அடுத்த வாரமும் அங்கேதான் இருப்பார், டீ டைம் இருக்காது என்றார் ஒருவர்.

சரி, போனோம். வெள்ளி இரவு எட்டு மணிப் படகு. அங்கே நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் என்பதால், எட்டு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர். வருகை விசாவுக்கு 500,000 ரூப்பியா கட்டி அவர் வெளியே வரும்வரை மற்ற ஒன்பது பேரும் கோல்ஃப் பைகளுக்குக் காவல் நின்றோம். இதையும் யாரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. கோல்ஃப் பையில் பதினான்கு மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஆட்ட விதியாம், அதை மட்டும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்து எடுத்துவந்திருந்தார் என் வீட்டுக்காரர். ரத்த அழுத்த மாத்திரை ஈசூன் வீட்டில் சாப்பாட்டு மேசை மேலேயே இருந்தது.

வில்லா அழகுதான், பொய் சொல்லக் கூடாது. மரத்தளம், குளம், சுற்றிலும் பச்சை, ராத்திரி தவளைச் சத்தம். ஐந்து அறை. ஐந்திலும் ஒரே ஒரு பெரிய கட்டில். தம்பதிகளுக்குச் சரி. பெரியம்மாவும் அக்காவும் ஓர் அறையில் படுத்துக்கொண்டார்கள், அதுவும் சரி. மீதி நாலு ஆண்கள் இரண்டு கட்டிலில். அதில் ஒருவர் தொண்ணூற்றைந்து கிலோ. நடுவில் தலையணையை எல்லைச் சுவராக வைத்துப் பார்த்தார்கள். பாதி ராத்திரியில் எல்லை தாண்டப்பட்டது. மற்றவர் எழுந்து போய்க் குளத்தோரம் சாய்நாற்காலியில் படுத்து, கொசுவுக்கு விருந்து வைத்துவிட்டு விடியற்காலையில் திரும்பினார். வில்லாக்காரர்களைச் சொல்லிப் பயனில்லை. தனித்தனிக் கட்டில் உண்டா என்று முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பெரியம்மா என்று நான் சொல்வது நண்பர் ஒருவரின் அம்மாவை. எழுபத்து நாலு வயது, முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர். வில்லாவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படிகளை நான் எண்ணினேன். அறுபத்தேழு. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். பெரியம்மா முதல் படியில் நின்று கீழே பார்த்தார். “கடல் இங்கிருந்தே நல்லாத்தான் தெரியுது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அக்கா, அதாவது இன்னொரு நண்பரின் அக்கா, ஓய்வுபெற்ற தாதி. அவர் வரும்போதே ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். விவரமானவர்.

சாப்பாட்டை ஒரு பத்தியாவது சொல்லாமல் விட முடியாது. சமையல் செய்ய வந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த மலாயில், இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்று சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். சனிக்கிழமை மதியம் காங்கோங் கீரை பொரியல் வந்தது. வாசனை வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சமையலறைக்குப் போய், இதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா பெருமையோடு ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். மண் நிறத்தில், சவுக்காரக் கட்டி அளவில் பெலாச்சான். அங்கே தெராசி என்பார்கள். இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை, முட்டையும் இல்லை. இறால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே! அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. விடியற்காலை எழுந்து நான் கிண்டிக்கொண்டு போயிருந்த புளிச்சாதம்தான் அன்று பெருமாள் பெயரைக் காப்பாற்றியது. பெலாச்சான் கீரையைச் சைவம் இல்லாத நாலு பேர் நன்றாகவே சாப்பிட்டார்கள்.

இனி ஆட்டம். வெள்ளி இரவு தாமதமாகப் படுப்போம், அதனால் சனிக்கிழமை நிதானமாக ஆரம்பிக்கலாம் என்று 11.40க்கு டீ டைம் வாங்கியிருந்தார்கள். அக்டோபர் மாதம் இந்தப் பக்கத்தில் காற்று அதிகம் இருக்காது. வெயில் ஏற ஏற மேகம் திரண்டு, மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். இதைத் தெரிந்துகொள்ள வானிலை நிலையம் வேண்டாம், துணி காயப்போடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பன்னிரண்டாவது குழிக்குப் போகும்போது மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதிவிட்டது. சங்கு ஊதினால் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் காத்திருந்து, இருட்டும் நேரத்தில் தொப்பலாக வந்தார்கள். மீதிக் குழிகளுக்கு மைதானத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை என் வீட்டுக்காரர் பணப்பையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

அவர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. நமக்கு ஏழு மணிக்கு விடிகிறது. பிந்தானின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே ஆறு மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம். ஆறரைக்கு ஆரம்பித்தால், 18 குழிக்கு நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், பதினொரு மணிக்கு முடிந்துவிடும். வெயிலும் தப்பும், இடியும் தப்பும், மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக உட்காரலாம். சில நாள் விடியற்காலையிலேயே சுமத்ரா பக்கமிருந்து காற்று மழை வரும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இரண்டாவது ஆட்டம். கைக்கடிகாரத்தை மாற்றாத ஒருவர் ஆறு மணி ஆகிவிட்டது என்று எல்லார் கதவையும் தட்டினார். அங்கே மணி ஐந்து. வெளியே கும்மிருட்டு. பெரியம்மா மட்டும்தான் கோபப்படவில்லை, அவர் அதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் பன்னிரண்டரைக்கு முடியும். வில்லாவைக் காலி செய்ய வேண்டிய நேரம் பன்னிரண்டு. இந்த இரண்டு எண்களையும் நானூறு செய்தியில் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஆக, ஆறு ஆண்களின் பெட்டிகளை நாங்கள் நாலு பேரும் கட்டினோம். ஈரக் காலுறை, ஈரச் சட்டை, யாருடையது என்று தெரியாத ஒரு சவரக் கத்தி. கட்டி முடித்து, எல்லாவற்றையும் வரவேற்புக் கூடத்துக்குக் கொண்டுவரச் செய்து, அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றே காலுக்கு வந்தார்கள். “என்ன, நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?” என்று கேட்டார் ஒருவர். அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது ஞாயிறு இரவு வந்த கணக்குதான்.

என் வீட்டுக்காரர் குழுவில் போட்டார்: மொத்தம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பத்துப் பேர், தலைக்கு 500, பேநவ்வில் (கைபேசிவழிப் பணப் பரிமாற்றம்) அனுப்பிவிடுங்கள். பத்துக் கட்டை விரல்கள் வந்தன. நான் பென்சிலை எடுத்தேன். வில்லா 2,400. சாப்பாடு, வேன் 800. இது பத்துப் பேருக்கும் பொது, தலைக்கு 320. மீதி 1,800 மைதானக் கட்டணம், பக்கி, கேடி எல்லாம் சேர்த்து. அது ஆடிய ஆறு பேருக்கு, தலைக்கு 300. அப்படியானால் ஆடியவர் 620 கொடுக்க வேண்டும், ஆடாதவர் 320. எல்லாரையும் 500 என்றதால் பெரியம்மா 180 வெள்ளி அதிகம் கொடுத்திருக்கிறார். எதற்கு? இன்னொருவர் பன்னிரண்டாவது குழிவரை ஆடி நனைவதற்கு.

“புருஷன் பணமும் பெண்டாட்டி பணமும் ஒன்றுதானே?” என்றார் இவர். அதையும் போட்டுக் காட்டினேன். ஜோடியாக வந்தவர்கள், அம்மா-மகன், அக்கா-தம்பியையும் சேர்த்துத்தான், நியாயமாகக் கொடுக்க வேண்டியது 940, கொடுத்தது 1,000. தனியாக வந்த இருவர் கொடுக்க வேண்டியது தலைக்கு 620, கொடுத்தது 500. நாலு ஜோடிகள் ஜோடிக்கு 60 அதிகம் கொடுத்து, தனியாக வந்த இரண்டு பேருக்கு ஆளுக்கு 120 மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறோம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயாவது தப்பு இருக்கும் என்று நினைத்தார் போல. இல்லை.

இன்னொரு விஷயம். முதலில் பெயர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். “எங்களுக்கு அறைகூட வேண்டாம், ஹாலில் மெத்தை போட்டுப் படுத்துக்கொள்கிறோம்” என்று சொன்ன இருவர் புதன்கிழமை கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார்கள். 2,400ஐ பன்னிரண்டால் வகுத்தால் 200. பத்தால் வகுத்தால் 240. முழுப் பணமும் என் கார்டில் ஏற்கெனவே போய்விட்டது, திரும்ப வராது. விலகியவர்களிடம் கேட்கலாமா என்றேன். “நண்பர்களிடம் போய்ப் பணம் கேட்பதா?” என்றார். வந்த நண்பர்களிடம் கேட்கலாமாம், வராத நண்பர்களிடம் கேட்கக் கூடாதாம்.

படகில் திரும்பும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். நண்பர் ஒருவர் ஒரு மது பாட்டில் வாங்கி வந்தார். வெளியே 48 மணி நேரம் இருந்திருந்தால்தான் அந்த வரிச் சலுகை. வெள்ளி இரவு போய் ஞாயிறு மாலை வந்தால் எப்படி எண்ணினாலும் 48 வராது. வாங்கும் பொருளுக்கும் அப்படித்தான், 48 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரைதான் பொருள், சேவை வரி இல்லை. அதற்கு மேல் இருந்தால் 500 வெள்ளி வரை. இரண்டு இரவு என்றால் இரண்டு நாள் என்று நினைத்துவிட்டார். தானா மேராவில் வரி கட்டிவிட்டு வந்தபோது அவர் முகம் குட்டையில் பந்து விழுந்தவர் முகம் மாதிரி இருந்தது.

“கோல்ஃப் பயணம் என்றால் ஆடுகிறவர்கள் மட்டும் போக வேண்டியதுதானே, இவர்களை யார் வரச் சொன்னது?” என்று சில வாசகர்கள் கேட்கலாம். தாராளமாகப் போகட்டும். நாங்கள் தேக்காவுக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு சுகமாக வீட்டில் இருப்போம். ஆனால் வாடகையைப் பங்கு போட எங்களைக் கூப்பிட்டால், திட்டத்திலும் எங்களுக்குப் பங்கு வேண்டும். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஆடுகிறவர்களுக்குத் தேவை மைதானம் ஒன்றுதான், அதைக் கடைசியில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆடாதவர்களிடம் கேளுங்கள்: அந்தத் தேதியில் விரதம், திவசம் ஏதும் உண்டா, படி ஏற முடியுமா, யாரோடு படுப்பீர்கள், என்ன சாப்பிடுவீர்கள், அவர்கள் ஆடும் ஐந்து மணி நேரம் நீங்கள் என்ன செய்வீர்கள்.

அடுத்த பயணத்துக்கு இந்த முறைதான். ஆமாம், அடுத்த பயணம் உண்டு. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சீட்டு வீணாகக் கூடாதாம். மார்ச் மாதம், பள்ளி விடுமுறை முடிந்த வாரம். மழைக்காலக் கடல் அடங்கியிருக்கும், படகிலும் கூட்டம் குறைவாக இருக்கும். மேட்டில் இல்லாத, படி இல்லாத வில்லா. இரண்டு அறையில் தனித்தனிக் கட்டில், எழுத்தில் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஓர் ஆட்டம். ஞாயிறு மட்டை தொடக் கூடாது என்றுதான் முதலில் சொன்னேன், அழாத குறையாகக் கேட்டதால் ஒன்பது குழிக்கு ஒத்துக்கொண்டேன். பெட்டியை அவரவர் சனி இரவே கட்டிவிட வேண்டும். கணக்கில் இரண்டு பத்தி, ‘எல்லாருக்கும்’, ‘ஆடுகிறவருக்கு மட்டும்’. பணம் வந்த பிறகுதான் பெயர் ஏறும். விலகுகிறவர் தன் இடத்துக்கு இன்னொரு ஆளைத் தேடித் தர வேண்டும். சமையல் அம்மாவுக்கான தாளில் இறால் என்று பெரிய எழுத்தில் எழுதி, தெராசிக் கட்டியின் படத்தை ஒட்டி, குறுக்கே கோடு போட்டிருக்கிறேன்.

இதைக் குழுவில் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. கடுமையாக இருக்கிறது, நட்புக்குள் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் எழுதினார். கட்டை விரல் பதினொன்று வந்திருக்கிறது. பணம் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கிறது. பெரியம்மா, மகனிடம் கொடுக்காமல் பேரனைப் பிடித்துப் பேநவ் செய்யக் கற்றுக்கொண்டு, 320 வெள்ளி அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு குரல் பதிவு: “அம்மாடி, அந்தப் பக்கியில நானும் ஒரு சுத்து வரணும். அதுக்குத் தனியா எவ்வளவுன்னு சொல்லு.”

இப்படிக்கு,
ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரின் மனைவி,
ஈசூன்